பூச்சி எதுன்னு காட்டிட்டு அப்புறம் மருந்து பேரு சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கங்க.

உங்க பேப்பர்ல ஞாயித்துக்கிழமை வர்ற வீட்டுத்தோட்டம் பக்கத்த நான் விடாம படிக்கிறவ. மாடியில தொட்டி வெச்சு நாலு காய் எடுக்கிறவங்க கோயமுத்தூர்ல இப்ப ரொம்ப பேரு இருக்கோம், எங்களுக்கு அந்த ஒரு பக்கம் நெஜமாவே உதவியா இருக்கு, அதனாலதான் உரிமையா எழுதறேன். சமீபத்துல ஒரு வாசகி, செம்பருத்தி நுனியெல்லாம் வெள்ளை வெள்ளையா அப்பிக்கிட்டிருக்கு, இலை சுருண்டுக்குது, மொட்டு விரியாம உதிருது, என்ன பண்றதுன்னு கேட்டிருந்தாங்க. அதுக்கு வந்த பதில் ரெண்டே வரி. ஒரு மருந்து பேரு, லிட்டருக்கு இத்தன மில்லி, வாரம் ஒருக்கா அடிங்க, அவ்வளவுதான். எறும்பு ஏறுதா, செடில வேற என்னென்ன பூச்சி இருக்கு, பக்கத்து தொட்டில கீரை இருக்கா, வீட்ல சின்னக் கொழந்தைங்க இருக்காங்களா, இதுல ஒண்ணு கூட கேக்கல. படிச்சதும் எனக்கு மனசே கேக்கலீங்க. அப்படி வெள்ளையா அப்பற மாவுப்பூச்சிய மருந்தடிச்சு ஒழிக்க முடியுமா முடியாதாங்கறத ஊரே சேந்து பாத்துத் தெரிஞ்சுக்கிட்ட இடம் இது, இங்க இருந்து வர்ற பேப்பர்ல இப்படி ஒரு பதில் வரலாமா?

2008ல நடந்தத இப்ப மாடித்தோட்டம் போடற சின்ன வயசுக்காரங்களுக்கு யாரும் சொல்லல போல, அதனால நான் சொல்றேன். அந்த வருசம் ஜூலை மாசத்துல நம்ம அக்ரி யூனிவர்சிட்டி பக்கம் பப்பாளி மரத்துல ஒரு புது மாவுப்பூச்சி இருக்கறத கண்டுபிடிச்சாங்க, இந்தியாவுலயே அதான் மொத தடவ. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்துப் பூச்சி அது, எப்படியோ இங்க வந்து சேந்துருச்சு. அடுத்த ரெண்டு வருசத்துல பப்பாளி, செம்பருத்தி, மல்பெரி, மரவள்ளி, பருத்தி, ரோட்டோரத்து துத்தி, பார்த்தீனியம்னு 60க்கும் மேல செடி வகைல ஏறிருச்சு. வீட்டு முன்னால நிக்கற பப்பாளி மரத்துல காயே தெரியாது, வெள்ளைப் பஞ்சு சுத்தி வெச்ச மாதிரி இருக்கும், கீழ தரையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டும், அது மேல கரும்பூசணம் படிஞ்சு இலையெல்லாம் கரி பூசினாப்ல ஆயிரும். திருப்பூர், ஈரோடு, உடுமலை பக்கம் பட்டுப்புழு வளத்தவங்க மல்பெரித் தோட்டத்தையே பிடுங்கிப் போட்டாங்க. மல்பெரிக்கு கண்டபடி மருந்தடிக்கவும் முடியாதுங்க, அந்த இலையத் தின்னா பட்டுப்புழு செத்துரும்.

எல்லாரும் அடிச்சாங்க. ப்ரொஃபெனோபாஸ், குளோர்பைரிபாஸ்னு உரக்கடைல எது குடுத்தாங்களோ அதெல்லாம் அடிச்சாங்க. கொஞ்ச நாளைக்கு கொறையும், மறுபடி வரும், முன்னவிட ஜாஸ்தியா வரும். காரணம் ஒண்ணும் ரகசியம் இல்லீங்க. ஒரு பெண் பூச்சி 100ல இருந்து 600 முட்டை வரைக்கும் போடும், அந்த முட்டை எல்லாம் பஞ்சு மாதிரி ஒரு பைக்குள்ள இருக்கும், பூச்சி மேலயும் மெழுகு பூசின மாதிரி வெள்ளைப்பொடி இருக்கும், தெளிக்கற மருந்து அதுல பட்டு உருண்டு ஓடிரும். உள்ள இருக்கற முட்டைக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா அந்த மாவுப்பூச்சியத் திங்க வர்ற வண்டுக்கும் குளவிக்கும் எந்த மெழுகும் கெடையாது, மொதல்ல சாகறது அதுங்கதான்.

2010ல என்ன பண்ணாங்கன்னா, பெங்களூர்ல இருக்கற மத்திய அரசோட பூச்சி ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க அமெரிக்க வேளாண் துறையோட உதவியில போர்ட்டோரிக்கோ தீவுல இருந்து ஒரு குட்டிக் குளவிய கொண்டு வந்தாங்க. அசிரோஃபேகஸ் பப்பாயேன்னு பேரு. குளவின்னதும் கொட்டுமோன்னு பயப்படாதீங்க, ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது, உத்துப் பாத்தாத்தான் தெரியும். அது மாவுப்பூச்சிக் குஞ்சுக்குள்ள முட்டை போடும், உள்ள பொரியற புழு அந்தப் பூச்சிய உள்ளுக்குள்ளயே தின்னு தீத்துட்டு ஓட்டை போட்டுக்கிட்டு குளவியா வெளிய வரும். இந்தப் பப்பாளி மாவுப்பூச்சியத் தவிர வேற எதையும் தொடாது. நாட்டுக்குள்ள விட்டா நல்ல பூச்சிக்கு ஏதும் ஆகுமான்னு மொதல்ல சோதிச்சுப் பாத்துட்டு, அக்டோபர் மாசம் கோயமுத்தூர்லயே வெளிய விட்டாங்க, அப்புறம் யூனிவர்சிட்டிக்காரங்க அத பெருக்கி மாவட்டம் மாவட்டமா விவசாயிகளுக்குக் குடுத்தாங்க. ஒரு வருசம் போல ஆச்சு, மாவுப்பூச்சி அடங்கிருச்சுங்க. தெருவுல மறுபடி பப்பாளி காய்ச்சுது. அந்தக் குளவி இன்னிக்கும் நம்ம ஊர்ல இருக்கு, ஒவ்வொரு வருசமும் சத்தமில்லாம அதோட வேலையப் பாத்துக்கிட்டுதான் இருக்கு. வாராவாரம் செம்பருத்திக்கு மருந்தடிச்சோம்னா அதத்தான் நாம கொன்னுக்கிட்டிருக்கோம்.

இது ஏதோ ஒரு தடவ அதிர்ஷ்டத்துல நடந்ததுன்னு யாராவது சொன்னாங்கன்னா மரவள்ளியப் பாக்கச் சொல்லுங்க. 2020ல கேரளாவுல திருச்சூர் பக்கம் மரவள்ளி மாவுப்பூச்சி வந்துச்சு, அங்கிருந்து நம்ம சேலம், நாமக்கல் வரைக்கும் வந்து ஜவ்வரிசிக்குப் போற கிழங்கையெல்லாம் அடிச்சுது. அதுக்கும் ஆப்பிரிக்காவுல பெனின் நாட்டுல இருந்து அனாகைரஸ் லோபெசின்னு ஒரு குளவிய வரவழைச்சு 2022ல சேலம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்துல வெச்சு விட்டாங்க. அதே குளவிதான் 1980கள்ல ஆப்பிரிக்கா பூரா மரவள்ளியக் காப்பாத்துச்சு, அந்த வேலையச் செஞ்ச ஹான்ஸ் ஹெரன்ங்கறவருக்கு 1995ல உலக உணவுப் பரிசு குடுத்தாங்க. இவ்வளவு பெரிய விஷயம் நம்ம பக்கத்துல நடந்திருக்கு, நம்ம தோட்டப் பக்கத்துல இதப் பத்தி ஒரு வரி வரலையேன்னு எனக்கு ஆதங்கமா இருக்கு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். நல்ல பூச்சிங்க பாதிக்கு மேல பாக்கறதுக்கு அசிங்கமா இருக்கும், கெட்ட பூச்சி மாதிரியே இருக்கும். அத யாரும் சனங்களுக்குக் காட்டித் தர்றதில்ல. செவப்புல கருப்புப் புள்ளி வெச்ச பொறிவண்ட எல்லாருக்கும் தெரியும், பாப்பா பாட்டுப் புஸ்தகத்துல கூட படம் இருக்கும். ஆனா அதோட புழு எப்படி இருக்கும்னு கேட்டுப் பாருங்க, தெரியாது. கருப்பா நீளமா, முதுகுல ஆரஞ்சு புள்ளியோட, ஆறு கால் வெச்சுக்கிட்டு முள்ளு முள்ளா இருக்கும், பாத்த ஒடனே செருப்பாலதான் அடிக்கத் தோணும். செடிப்பேன்னு சொல்ற அசுவினியத் திங்கறதுல அந்தப் புழுவு வண்டையே மிஞ்சிரும். இதவிடக் கொடுமை கிரிப்டோலேமஸ்னு ஒரு வண்டு. ஆஸ்திரேலியாவுல இருந்து 1898லயே காபித் தோட்டத்துக்காக இந்தியாவுக்குக் கொண்டு வந்தது, மாவுப்பூச்சியத் திங்கறதுல கெட்டிக்காரன். அதோட புழு மாவுப்பூச்சி மாதிரியே மேல பூரா வெள்ளை மெழுகோட இருக்கும், சைஸ் மட்டும் பெருசு. சனங்க என்ன நெனைக்கிறாங்கன்னா இது பெரிய மாவுப்பூச்சி, தாய்ப்பூச்சி போலன்னு, மொதல்ல தேடித் தேடி நசுக்கறது அதத்தான். எங்க அபார்ட்மெண்ட்லயே ஒருத்தங்க ஒரு டப்பா நெறைய பொறுக்கி வெச்சிருந்தாங்க, நான் பாத்துட்டு பதறிப் போய் திரும்ப செடிலயே விடச் சொன்னேன். வித்தியாசம் ரொம்ப சுலபம்தாங்க, மாவுப்பூச்சி தொட்டாலும் மெதுவாத்தான் நகரும், பெருசானதுங்க அப்படியே ஒட்டிக்கிட்டுக் கெடக்கும், இந்தப் புழு தொட்டதும் வெடுக்குன்னு ஓடும், உடம்ப சுத்தி தொங்கற வெள்ளை நூலும் நீளமா இருக்கும். ஒரே ஒரு போட்டோ போட்டீங்கன்னா எத்தன வண்டு பொழைக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இலைக்கு அடியில மெல்லிசு முடி நுனில வெள்ளையா ஒரு புள்ளி நிக்கும், வரிசையா நாலஞ்சு இருக்கும், பூஞ்சைன்னு நெனைச்சு தொடைச்சு விட்டுருவாங்க. அது கண்ணாடி எறக்கைப் பூச்சியோட முட்டை, அந்தப் புழுவும் அசுவினி, மாவுப்பூச்சிக் குஞ்செல்லாம் பிடிச்சு உறிஞ்சும். அசுவினிக் கூட்டத்துக்கு நடுவுல சில பூச்சி மட்டும் உப்பிப் போய் வைக்கோல் கலர்ல அசையாம இருந்துச்சுன்னா அதுக்குள்ள குளவி குஞ்சு இருக்குன்னு அர்த்தம். அப்படி பத்துப் பதினஞ்சு கண்ணுல பட்டா ஸ்ப்ரேயர கீழ வெச்சுரலாம், இன்னும் கொஞ்ச நாள்ல அந்தக் கெளைய அதுங்களே சுத்தம் பண்ணிரும்.

சரி, ஒண்ணுமே பண்ணாம வேடிக்கை பாக்கறதான்னு கேப்பீங்க. இல்லீங்க. தொட்டியில இருக்கற செடிக்கு கை வேலைதான் முக்கால்வாசி வைத்தியம். செம்பருத்தில மாவுப்பூச்சின்னா மொதல்ல எறும்பப் பாக்கணும். மாவுப்பூச்சியும் அசுவினியும் வெளியேத்தற இனிப்புத் தண்ணிக்காக எறும்பு அதுங்கள காவல் காக்கும், திங்க வர்ற வண்டையும் குளவியையும் தொரத்தும், குஞ்சுகள ஒரு கெளையில இருந்து இன்னொரு கெளைக்கும் கொண்டு போகும். எறும்பு ஏறற வழிய அடைச்சாலே பாதி வேலை முடிஞ்சுது. தொட்டியத் தண்ணி ஊத்தின தட்டுல ஸ்டாண்டு மேல வெக்கலாம், அந்தத் தண்ணிய கொசு வராம அடிக்கடி மாத்திரணும், செவுத்துல சாஞ்சு நிக்கற கெளைய வெட்டி விடணும், ஏன்னா எறும்புக்கு அது பாலம். அப்புறம் ரொம்ப பூச்சி அப்பின நுனிய கத்தரிச்சு சோப்புத் தண்ணி வாளியில முக்கிப் போடணும். தயவுசெஞ்சு மாடியில இருந்து கீழ தெருவுல வீசாதீங்க, அங்க இருக்கற துத்திச் செடியில ஏறி மறுபடி உங்க வீட்டுக்கே வரும். மிச்சத்துக்கு காலைல டியூப் வெச்சு இலைக்கு அடிப்பக்கமா நல்லா வேகமா தண்ணி பீச்சணும், ரெண்டு மூணு நாளுக்கு ஒரு தடவ. பழைய டூத் பிரஷ்ஷ சோப்புத் தண்ணில முக்கி தண்ட தேச்சு விட்டாலும் நல்லாப் போகும்.

அப்படியும் அடங்கலைன்னா வேப்பெண்ணெய். இதுலயும் உங்க பக்கத்துல பலமுறை அரைகுறையா எழுதறாங்க. எண்ணெயத் தண்ணில அப்படியே ஊத்தினா மேல மெதக்கும், கலக்காது, ஒரு இலைல எண்ணெயா விழுந்து கருகும், இன்னொரு இலைல வெறும் தண்ணி. மொதல்ல எண்ணெயில கொஞ்சம் சோப்புக் கரைசல விட்டு பால் மாதிரி வர்ற வரைக்கும் கலக்கி, அப்புறம் தண்ணி சேக்கணும், ஒரு லிட்டருக்கு 5 மில்லி எண்ணெய் போதும். சாயங்காலம் வெயில் எறங்கினப்புறம் அடிக்கணும், வேம்புல இருக்கற அசாடிராக்டின் வெயில் பட்டா சீக்கிரம் செயலிழந்துரும், உச்சி வெயில்ல எண்ணெய் பட்ட இலையும் வெந்து போகும். மொதல்ல ரெண்டு இலைல அடிச்சு ஒரு நாள் விட்டுப் பாத்துட்டு மிச்சத்துக்கு அடிக்கலாம். எண்ணெய் வேணாம்னா வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராம இடிச்சு ராத்திரி பூரா ஊற வெச்சு வடிகட்டி ஒரு லிட்டரா ஆக்கிக்கலாம், நம்ம கிராமத்துல எல்லாருக்கும் தெரிஞ்சதுதான் அது. ஆனா வேப்பெண்ணெயும் கூட பொறிவண்டுப் புழுவு மேல பட்டா அதுக்குக் கெடுதல்தான், இயற்கை மருந்துதானேன்னு எல்லாச் செடிக்கும் தண்ணி மாதிரி ஊத்தக்கூடாது, பூச்சி இருக்கற கெளைக்கு மட்டும் அடிச்சாப் போதும்.

அவரைல கருப்பா அசுவினி அப்பறது எல்லா வீட்லயும் வர்ற பிரச்சினை. அசுவினிக்கு ஆம்பளைப் பூச்சியே தேவையில்ல, நம்ம ஊரு சூட்டுக்கு ஒரு பெண் பூச்சி நேரா குஞ்சே போடும், அந்தக் குஞ்சு பத்து நாளைக்குள்ள அதுவும் குஞ்சு போட ஆரம்பிச்சுரும், அதனாலதான் நேத்து இல்ல இன்னிக்கு இருக்குன்னு தோணுது. இதுக்கு ஒரு காரணத்த யாரும் சொல்றதில்ல, தழைச்சத்து. யூரியாவோ கடலைப் புண்ணாக்குக் கரைசலோ அளவுக்கு மீறி ஊத்தினா தளிர் தளதளன்னு வரும், பாக்க சந்தோசமா இருக்கும், அந்த மெத்துன்னு இருக்கற தளிருதான் சாறு உறிஞ்சற பூச்சிக்கு விருந்து. பூச்சி வந்துருச்சுன்னா கொஞ்ச நாளைக்கு உரத்த நிறுத்திப் பாருங்க. கைய வெச்சு நசுக்கி விடறது அருவருப்பா இருந்தா தண்ணி பீச்சுங்க, கீழ விழுந்த அசுவினி திரும்ப ஏறி வர்றது ரொம்ப கஷ்டம்.

கத்திரிக்கு வர்ற தண்டுத்துளைப்பான் வேற கதை. புழு உள்ள இருக்கும், வெளிய எத்தன மருந்தடிச்சாலும் உள்ள போகாது. அதுக்காகத்தான் விவசாயிங்க அறுவடை வரைக்கும் மறுபடி மறுபடி அடிக்கறாங்க, அதையேதான் நாம கடைல வாங்கித் திங்கறோம். பிடி கத்திரின்னு மரபணு மாத்தின ஒண்ணக் கொண்டு வரப் பாத்து 2010 பிப்ரவரில மத்திய அரசு நிறுத்தி வெச்சுதே, அதுவும் இந்த ஒரு புழுவுக்காகத்தான். வீட்ல நாலு கத்திரிச்செடி வெச்சிருக்கறவங்களுக்கு அந்தக் கஷ்டமே இல்லீங்க, தண்ணி ஊத்தியும் ஒரு நுனி மட்டும் வாடித் தொங்குச்சுன்னா புழு உள்ள இருக்குன்னு அர்த்தம், அதுக்குக் கீழ ஒரு விரக்கடை விட்டு கிள்ளி எடுத்து நசுக்கிப் போட்டாப் போதும், ஓட்டை விழுந்த காய செடிலயே விடாம பறிச்சுரணும்.

கருவேப்பிலைல பறவை எச்சம் மாதிரி கருப்பும் வெள்ளையுமா ஒட்டிக்கிட்டிருக்கும், பெருசானா பச்சையாயிரும், அது வண்ணத்துப்பூச்சிப் புழு. சின்னக் கன்னுன்னா ஒரே நாள்ல மொட்டையடிச்சுரும், எடுத்து வேற பெரிய கருவேப்பிலை மரத்துலயோ எலுமிச்சையிலயோ விட்டுருங்க. பெரிய மரம்னா அப்படியே விட்டுருங்க, மரத்துக்கு ஒண்ணும் ஆகாது, தையல்சிட்டு வந்து பாதிய எடுத்துக்கும். கருவேப்பிலைக்கு மருந்தடிக்கறது மாதிரி பாவம் வேற இல்ல, அத நாம அப்படியே பச்சையா தாளிப்புல போடறோம், சட்னில அரைக்கறோம்.

தென்னைல வர்ற சுருள் வெள்ளை ஈ பத்தியும் ஒரு வார்த்தை, ஏன்னா வீட்டுக்கு ஒரு தென்னை நம்ம பக்கம் எல்லாருக்கும் இருக்கு. 2016ல பொள்ளாச்சி பக்கம் வந்துச்சு அது. ஓலைக்கு அடியில வட்ட வட்டமா வெள்ளைக் கோலம் போட்ட மாதிரி இருக்கும், கீழ இருக்கற கொய்யா, வாழை எல்லாத்துலயும் கரும்பூசணம் படியும். வேளாண்துறையே சொல்லிருச்சுங்க, மருந்தடிக்காதீங்க, என்கார்சியான்னு ஒரு குளவி தானாவே பெருகி வருது அத விட்டுருங்கன்னு. கருப்பு படிஞ்ச இலைக்கு மைதாவ லிட்டருக்கு 25 கிராம் கஞ்சியாக் காய்ச்சி அடிச்சா காய்ஞ்சு ஒட்டோட உதிரும். மஞ்சள் அட்டைல வெளக்கெண்ணெய் தடவிக் கட்டறதும் நல்லதுதான், ஆனா பாக்கற எடமெல்லாம் கட்டாதீங்க, அதுல நம்ம குளவியும் ஒட்டிக்கும்.

இப்ப மருந்துக் கடை விஷயம். இதத்தான் நான் கோவத்தோட எழுதறேன். எங்க ஏரியாவுல ஒரு நர்சரில செடிக்கு பூச்சின்னு சொன்னா உள்ள போய் ஒரு பழைய வாட்டர் பாட்டில்ல கொஞ்சம் ஊத்திக் குடுக்கறாங்க. பேரு இல்ல, லேபிள் இல்ல, பில்லு இல்ல, ஒரு மூடி ஊத்தி அடிங்கன்னு வாய்லயே சொல்லிடறாங்க. 1968 பூச்சிமருந்துச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம மருந்தே விக்கக் கூடாது, கம்பெனி சீல் வெச்ச டப்பாவுலதான் விக்கணும், அதுல விஷத்தோட கடுமைக்குத் தகுந்தாப்ல செவப்பு, மஞ்சள், நீலம், பச்சைன்னு முக்கோணம் இருக்கணும், செவப்புதான் இருக்கறதுலயே கொடிய விஷம். எந்தப் பயிருக்கு அடிக்கலாம், அடிச்சு எத்தன நாள் கழிச்சு பறிக்கலாம்னு உள்ள இருக்கற தாள்ல போட்டிருக்கும். பாட்டில்ல ஊத்திக் குடுத்தா இதுல ஒண்ணு கூட வாங்கறவங்களுக்குத் தெரியாது. மோனோகுரோட்டோபாஸ காய்கறிக்கு அடிக்கவே கூடாதுன்னு 2005லயே தடை வந்துருச்சு, ஆனா அந்த வாட்டர் பாட்டில்ல இருக்கறது அதுவா வேறயான்னு யாரு சொல்ல முடியும்?

2013 ஜூலைல பீகார்ல சரண் மாவட்டத்துல பள்ளிக்கூடத்து மத்தியானச் சாப்பாட்ட சாப்பிட்டு 23 கொழந்தைங்க செத்தாங்களே, அந்த எண்ணெய்ல கலந்திருந்தது அதே மோனோகுரோட்டோபாஸ்தான், மருந்து இருந்த டப்பாவுல சமையல் எண்ணெய் வெச்சிருந்ததா அப்ப சொன்னாங்க. நம்ம வீட்டு பால்கனில, பூந்தொட்டிக்குப் பின்னால, பேர் எழுதாத வாட்டர் பாட்டில்ல விஷத்த வெச்சுக்கிட்டு நாம இருக்கோம், கொழந்தை எடுத்துக் குடிக்காதுங்கறதுக்கு என்ன உத்தரவாதம்? எனக்கு இத நெனைச்சாலே நெஞ்சு பதறுதுங்க.

உங்க பதில்ல வந்த மருந்து இமிடாகுளோபிரிட். அது இலை மேல மட்டும் நிக்காது, செடிக்குள்ள போயிரும், சாறு, இலை, பூ எல்லாத்துலயும் இருக்கும். கழுவினாப் போகாது. செம்பருத்திப் பூவ நிறைய பேரு தலைக்கு அரைக்கறாங்க, டீ போட்டுக் குடிக்கறாங்க, சாமிக்கு வெச்சுட்டு கொழந்தைங்க கைல குடுக்கறாங்க. பூவுக்கு வர்ற தேனீக்கும் அது விஷம், அதுக்காகவேதான் ஐரோப்பாவுல 2018ல வெட்டவெளில அடிக்கக் கூடாதுன்னு நிறுத்தினாங்க. கூடவே இன்னொண்ணு, சிலந்திப்பேனுக்கு இந்த மருந்து வேலை செய்யாது, அது பூச்சி இனமே கெடையாது, சிலந்தி வகை. இலை வெளுத்து மெல்லிசா வலை கட்டியிருந்தா அது சிலந்திப்பேன், அதுக்குப் போய் இத அடிச்சா அதத் திங்கற பூச்சிங்கதான் சாகும், பேன் இன்னும் பெருகும். என்ன இருக்குன்னு பாக்காம மருந்து சொன்னா இதுதான் நடக்கும்.

மருந்தே கூடாதுன்னு நான் சொல்லலீங்க. ஏக்கர் கணக்குல போட்டு கடன் வாங்கி விவசாயம் பண்றவங்க நெலைமை வேற, அவங்களுக்கு அறிவுரை சொல்ற தகுதி எனக்கு இல்ல. ஆனா பத்து தொட்டி வெச்சிருக்கற வீட்டுக்கு, அதுவும் கடைக் காய்ல மருந்து இருக்குன்னு பயந்துதானே நாம தோட்டமே போட்டோம், 2015ல கேரளாக்காரங்க தமிழ்நாட்டுக் காய்கறில மருந்து ஜாஸ்தின்னு செக்போஸ்ட்ல நிறுத்துவோம்னு சொன்னப்ப நமக்கெல்லாம் எவ்வளவு உறுத்துச்சு, அந்த வீட்டுக்கு எதுக்கு வயல்ல அடிக்கற விஷம்?

அதனால உங்ககிட்ட நான் கேக்கறது இதுதாங்க. பூச்சி பத்தி கேள்வி வந்தா போட்டோ அனுப்பச் சொல்லுங்க, வாட்ஸ்அப்ல எல்லாரும் அனுப்புவாங்க. பதில் போடறப்ப அந்தப் பூச்சியோட படத்தையும் அதத் திங்கற பூச்சியோட படத்தையும் பக்கத்துல பக்கத்துல போடுங்க, முக்கியமா அதோட புழு, முட்டைப் படம், வண்டு படம் மட்டும் போட்டா பத்தாது. மருந்து பேரு எழுதியே ஆகணும்னா முக்கோணம் என்ன கலரு, அடிச்சு எத்தன நாள் கழிச்சு பறிக்கணும், இது சாப்பிடற செடிக்கா பூச்செடிக்கான்னு சேத்து எழுதுங்க, அது இல்லாத பதில அச்சுலயே ஏத்தாதீங்க. அக்ரி யூனிவர்சிட்டி நம்ம ஊர்லயே இருக்கு, பூச்சியியல் துறைல ஒருத்தர மாசம் ஒரு பத்தி எழுதச் சொல்லிக் கேட்டா மாட்டேன்னா சொல்லப் போறாங்க.

அப்புறம் உங்க நிருபர் யாரையாவது ஒரு நாள் சிட்டில இருக்கற நர்சரி, தோட்டக் கடையெல்லாம் ஒரு சுத்து சுத்தி வரச் சொல்லுங்க, எங்கெங்க பாட்டில்ல ஊத்தி விக்கறாங்கன்னு பாத்து வேளாண்துறைல லைசென்ஸ் பாக்கற அதிகாரிங்ககிட்ட கேள்வி கேட்டு செய்தி போடுங்க. ஒரு வாசகி போய் கேட்டா கடைக்காரரு சிரிச்சுட்டு அனுப்பிடறாரு, பேப்பர்ல வந்தா அப்படி விட முடியாது. மாசி, பங்குனில வெயில் ஏற ஆரம்பிச்சதும் மாவுப்பூச்சி, வெள்ளை ஈ, பேன் எல்லாம் ஒண்ணா கெளம்பும், நர்சரில கூட்டமும் அப்பத்தான் ஜாஸ்தி, அதுக்கு முன்னாடி இந்த ரெண்டு வேலையும் நடந்துச்சுன்னா நல்லாருக்கும்ங்க.

இப்படிக்கு,
மாடித்தோட்டம் போடும் ஒரு வாசகி,
கோயம்புத்தூர்.